ஒரே நேரத்தில் இருநூறு பேஜ் ஃபால்ட் வந்தால் மெயின்ஃபிரேம் என்ன செய்யும்?

ஷிஃப்ட்_மூன்று — இரவு 1.52

எல்லோருக்கும் வணக்கம். தெமட்டகொடைப் பக்கம் ஒரு கந்தோரில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் இசட் ஓஎஸ் (ஐபிஎம் மெயின்ஃபிரேமின் ஓஎஸ்) மெஷினைக் கண்காணிப்பதுதான் வேலை. கம்பஸில் படித்தது முழுக்க லினக்ஸ். மெயின்ஃபிரேமை நேரில் பார்த்ததே இல்லை. அது கடல் கடந்து எங்கோ இருக்கிறது, எனக்குத் தெரிவதெல்லாம் பச்சை எழுத்துத் திரை மட்டும்.

மாதக் கடைசி பேட்ச் (மொத்தமாக ஓடும் ஜாப்கள்) ஓடிக்கொண்டிருக்கிறது. சற்று முன் எங்கள் மானிட்டரில் ஒரு லோக்கல் பேஜ் டேட்டா செட் (மெமரியில் இடம் போதாத பக்கங்களை வைக்கும் டிஸ்க் ஃபைல்) சிவப்பாகிவிட்டது. டிஸ்ப்ளே ஏஎஸ்எம் கமாண்ட் அடித்துப் பார்த்தேன். லோக்கல் நான்கு. ஒன்று 71 சதவீதம் நிரம்பியிருக்கிறது, மற்ற மூன்றும் 23, 24, 24. சீனியரிடம் ஃபோனில் கதைத்தேன். "தேவைப்பட்டால் ஒன்றைக் கூடுதலாகச் சேர், மிச்சத்தைக் காலையில் பார்ப்போம்" என்றார். ஏறுவது நின்றுவிட்டதால் இன்னும் எதையும் தொடவில்லை.

சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு சந்தேகம். இந்த மெஷினில் இருநூறுக்கு மேற்பட்ட அட்ரஸ் ஸ்பேஸ் (லினக்ஸின் புரோசஸ் மாதிரி) ஓடுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் பேஜ் ஃபால்ட் ஆனால், அதாவது தொட்ட பக்கம் மெமரியில் இல்லாமல் போனால், டிஸ்க்கில் இருந்து படிப்பது ஒன்றன்பின் ஒன்றாக நடக்குமா, கூட்டாக நடக்குமா? அதுவரை சிபியூ காத்துக்கொண்டு நிற்குமா?

டிரம்_காலம் — இரவு 2.20

தம்பி, வயதானவனுக்கு நித்திரை வராத நேரமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

சிபியூ நிற்காது. ஒரு புரோகிராம் தொட்ட பக்கம் மெமரியில் இல்லை என்றால் ஹார்ட்வேர் ஒரு புரோகிராம் இன்டரப்ட் கொடுக்கும். கோட் ஹெக்ஸில் 11. உடனே ஆர்எஸ்எம், அதாவது ரியல் ஸ்டோரேஜ் மேனேஜர், கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தை அந்த புரோகிராம் முதல் தடவையாகத் தொடுகிறது என்றால் டிஸ்க் பக்கம் போக வேலையே இல்லை. சுத்தமான ஒரு ஃபிரேமை (ஒரு பக்கம் கொள்ளும் மெமரி இடம்) கொடுத்து அனுப்பிவிடும். பக்கம் திருடப்பட்டிருந்தாலும், அதாவது மெமரி தேவைப்பட்டு ஓஎஸ் அதைப் பறித்திருந்தாலும், அந்த ஃபிரேமை வேறு யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை என்றால், பழையபடி திருப்பிக் கொடுத்துவிடும். அதற்கும் ஐஓ (டிஸ்க்கில் படிப்பது, எழுதுவது) கிடையாது. இரண்டுமே இல்லை, பக்கம் டிஸ்க்கில் ஒரு ஸ்லாட்டில் (ஒரு பக்கத்துக்கான இடம்) கிடக்கிறது என்றால்தான் ஏஎஸ்எம் என்ற ஆக்ஸிலரி ஸ்டோரேஜ் மேனேஜரிடம் வேலை போகும்.

அந்த நேரத்தில் தூங்கவைக்கப்படுவது ஃபால்ட் ஆன டாஸ்க் மட்டும். எஸ்ஆர்பி (டாஸ்க்கை விட இலகுவான வேலை அலகு) என்றால் அந்த எஸ்ஆர்பி மட்டும். அதே அட்ரஸ் ஸ்பேஸில் உள்ள மற்ற டாஸ்க்குகள்கூட ஓடலாம். டிஸ்பாட்சர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். டேட்டாவை இழுத்து வருவது சேனல் என்ற தனி ஐஓ ஹார்ட்வேரின் வேலை. முடிந்ததும் ஏதாவது ஒரு சிபியூவுக்கு ஐஓ இன்டரப்ட் வரும், தூங்கியவர் எழும்புவார்.

கணக்குப் பார்த்தால் இதன் அருமை தெரியும். இசட்இசி12 மெஷினின் கடிகாரம் 5.5 கிகாஹெர்ட்ஸ். அரை மில்லிசெக்கனில் ஒரு பக்கம் வந்து சேர்ந்தாலும் அதற்குள் சிபியூ இருபத்தேழரை லட்சம் சைக்கிள் ஓடிவிடும். அவ்வளவு நேரம் அதைச் சும்மா நிறுத்திவைக்க யாருக்கு மனம் வரும்?

பொரளை_பென்குவின் — இரவு 2.31

அண்ணை, இதில் மெயின்ஃபிரேமுக்கு மட்டும் உரிய விசேஷம் என்ன? லினக்ஸும் இதைத்தான் செய்கிறது. ஃபால்ட் ஆன த்ரெட் தூங்கும், ஷெட்யூலர் வேறொன்றை எடுக்கும். அதோடு என்விஎம்இ டிஸ்க் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் வரிசையில் போடலாம். நீங்கள் இன்னும் டிரம் (பழைய உருளைச் சேமிப்பு) காலத்திலேயே இருக்கிறீர்கள், பெயரும் அதுதான் :)

டிரம்_காலம் — இரவு 2.58

பெயரை நானே விரும்பி வைத்தது, பென்குவின்.

வித்தியாசம் நீங்கள் சொன்ன அந்த வரிசையில்தான் இருக்கிறது. 1964இல் சிஸ்டம் 360 வந்த நாளிலிருந்து விதி ஒன்று. ஒரு டிவைஸ் முகவரிக்கு ஒரு நேரத்தில் ஒரு சேனல் புரோகிராம் (சேனலுக்கான கட்டளை வரிசை). ஓஎஸ் ஒவ்வொரு டிவைசுக்கும் யூசிபி என்று ஒரு கட்டுப்பாட்டு அட்டை வைத்திருக்கும். அதில் ஒரு ஐஓ ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது கோரிக்கை டிஸ்க்குக்கே போகாது. ஓஎஸ்ஸின் உள்ளேயே, அந்த யூசிபியின் வாசலில் நிற்கும். ஆர்எம்எஃப் என்ற வேக அளவீட்டு ரிப்போர்ட்டில் ஐஓஎஸ்க்யூ நேரம் என்று வருவது இந்தக் காத்திருப்புத்தான்.

ஆகவே ஷிஃப்ட் தம்பியின் கேள்விக்குப் பழைய காலத்துப் பதில் இது: இருநூறு பேர் ஃபால்ட் ஆகலாம், இருநூறு கோரிக்கையும் ஏஎஸ்எம்மிடம் சேரலாம், ஆனால் நான்கு வால்யூமில் (டிஸ்க்கில்) நான்கு லோக்கல் டேட்டா செட் இருந்தால் எந்தக் கணத்திலும் ஓடுவது நான்கு ஐஓதான். பேஜிங் வால்யூமின் எண்ணிக்கைதான் உங்கள் கூட்டு வேகம். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் ஒரு பெரிய டேட்டா செட்டுக்குப் பதிலாகப் பல சிறிய டேட்டா செட்டுகளை வெவ்வேறு வால்யூமில், வெவ்வேறு கன்ட்ரோல் யூனிட்டில் (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் பெட்டி) பரப்பி வைத்தார்கள்.

இந்த விதியில் முதல் ஓட்டை போட்டது 2305. ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு ஹெட் பொருத்திய டிஸ்க், சிஸ்டம் 370 காலத்தது. அதன் இரண்டாம் மாடலின் கொள்ளளவு வெறும் 11.2 மெகாபைட். ஹெட்டைத் தாங்கும் கை நகர வேண்டியதில்லை, சுற்றி வரும் நேரம் மட்டும். ஒரு சுற்று 10 மில்லிசெக்கன். பேஜிங்குக்கென்றே வாங்குவார்கள். ஒரு கோரிக்கை முடிந்துதான் அடுத்தது என்றால், சராசரி அரைச் சுற்றுக் காத்திருப்பு 5 மில்லிசெக்கன், 4 கே பக்கத்தை இழுக்க இன்னொரு 2.7 மில்லிசெக்கன். செக்கனுக்கு 130 பக்கம் தாண்டாது. ஆனால் ஒரு டிராக்கில் மூன்று பக்கம் கொள்ளும். யார் யாருக்கு எந்த இடத்துப் பக்கம் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒரே சுற்றில் மூன்றையும் பொறுக்கலாம். செக்கனுக்கு 300.

அது முன்கூட்டியே தெரிய என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே 2305க்கு எட்டு டிவைஸ் முகவரி கொடுத்தார்கள். ஓஎஸ்ஸின் கண்ணுக்கு எட்டு டிவைஸ், எட்டு வாசல். உள்ளே ஒரே டிஸ்க். எட்டுக் கோரிக்கையும் உள்ளே போய் நிற்கும், ஹெட்டுக்குக் கீழே எது முதலில் வருகிறதோ அது முதலில் போகும். இன்றைக்கு என்விஎம்இயில் நீங்கள் பெருமைப்படும் சங்கதியின் முப்பாட்டன் இது.

பம்பலப்பிட்டி_நானா — இரவு 3.05

இந்த நேரத்தில் காலி வீதியில் கொத்துக் கடையில் இருந்து எழுதுகிறேன், அப்படியே பொருந்துகிறது. ஓர்டர் எடுக்கும் பொடியன் உங்கள் மேசையருகே கொத்து வரும்வரை நிற்பதில்லை, அடுத்த மேசைக்குப் போய்விடுவான். அதுதான் சிபியூ. ஆனால் கல் ஒன்று. பொடியன் எவ்வளவு சுறுசுறுப்பாக இருபது ஓர்டர் எடுத்தாலும் கல்லில் ஒரு நேரத்தில் ஒரு கொத்து. டிரம் அண்ணன் சொல்வது, ஒரே கல்லுக்கு எட்டு டோக்கன் வரிசை வைத்த கதை.

டிரம்_காலம் — இரவு 3.12

நானா, சரிதான். பார்சல் ஒன்று எனக்கும்.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். 1980களில் ஏஎஸ்எம் செய்த ஒரு தந்திரம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். சஸ்பெண்ட், ரெஸ்யூம். வழக்கமாக ஒரு ஐஓ தொடங்கி, முடிந்து, இன்டரப்ட் வந்து, அதை ஓஎஸ் கையாண்டு, பிறகுதான் அடுத்த ஐஓவைத் தொடங்கும். இந்தப் போக்குவரத்துக்கே ஆயிரக்கணக்கான இன்ஸ்ட்ரக்ஷன் செலவாகும். ஏஎஸ்எம் என்ன செய்தது என்றால், தன் சேனல் புரோகிராமை முடியவே விடவில்லை. வேலை தீர்ந்ததும் அது கடைசியில் சஸ்பெண்ட் நிலையில் நிற்கும். புதிய பேஜ் கோரிக்கை வந்தால் அதன் சிசிடபிள்யூவை (சேனல் கட்டளை) வாலில் ஒட்டி, ஒரு ரெஸ்யூம் இன்ஸ்ட்ரக்ஷன். அவ்வளவுதான், சேனல் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

"பேஜ் வால்யூமில் வேறு எந்த டேட்டா செட்டும் வைக்காதே" என்று பழைய சிஸ்டம் புரோகிராமர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வேறொருவரின் ஐஓ அதே வால்யூமுக்கு வந்தால் நின்றுகொண்டிருக்கும் அந்தச் சேனல் புரோகிராம் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். தந்திரம் கலைந்துவிடும்.

ஸ்டோரேஜ்_சாமி — காலை 7.40

காலையில் எழும்பிப் பார்த்தால் பெரிய விருந்தே நடந்திருக்கிறது.

மரியாதையோடு ஒரு மறுப்பு. நான் டிஸ்க் அரே (பல டிஸ்க் அடங்கிய பெட்டி) பக்கம் வேலை செய்கிறவன். இன்றைக்கு 3390 என்ற பழைய ஐபிஎம் டிஸ்க்கை யாரும் செய்வதில்லை. எல்லாம் அரேக்குள் எமுலேஷன். நீங்கள் நான்கு வால்யூமில் பரப்பினாலும் நாற்பதில் பரப்பினாலும் அடியில் இருப்பது அதே ஃபிளாஷ், அதே கேஷ். பரப்பி வைப்பது இருபது வருடத்துக்கு முந்திய பழக்கம். ஒரே ஒரு பெரிய லோக்கல் போதும் என்பது என் கருத்து.

டிரம்_காலம் — காலை 8.25

சாமி, அடியில் என்ன இருக்கிறது என்பதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் வரிசை உங்கள் பெட்டிக்குள் நிற்கவில்லை, அதுதான் விஷயம். அது ஹோஸ்ட்டில், யூசிபி வாசலில் நிற்கிறது. உங்கள் அரே நூறு மைக்ரோசெக்கனில் பதில் சொன்னாலும், ஒரு வாசல் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் அதனிடம் வரும். அரே வேகமாகிவிட்டதால் வரிசை கெதியாக நகர்கிறது. வரிசை இல்லாமல் போகவில்லை.

வாசலைக் கூட்டியது பிஏவி. 1999இல் ஐபிஎம் ஷார்க் அரேயோடு வந்தது. ஒரு வால்யூமுக்கு ஒரு அடிப்படை முகவரி, கூடவே சில அலையஸ் முகவரிகள். 2305இன் எட்டு முகவரி ஞாபகம் வருகிறதா? அதே யோசனைதான், முப்பது வருடம் கழித்து. பிறகு ஹைப்பர்பிஏவி வந்தது. அலையஸ் எந்த வால்யூமுக்கும் சொந்தமில்லை, ஒரு லாஜிக்கல் கன்ட்ரோல் யூனிட்டில் பொதுவாகக் கிடக்கும். ஐஓ தொடங்கும்போது எடுத்து, முடிந்ததும் திருப்பிப் போடலாம். புதிய இசட் ஓஎஸ்களில் ஏஎஸ்எம்மும் அதைப் பயன்படுத்தத் தெரிந்து வைத்திருக்கிறது. அப்படிப் போட்டிருந்தால் உங்கள் ஒரு பெரிய லோக்கல் வாதத்துக்கு ஓரளவு பலம் உண்டு. போடாத இடத்தில் அது வெறும் நெரிசல்.

ஸ்டோரேஜ்_சாமி — காலை 8.41

அலையஸ் போடாமல் யார் இன்றைக்கு அரே விற்கிறார்கள்?

டிரம்_காலம் — காலை 8.44

விற்பவர் போட்டுக் கொடுப்பார். வாங்கியவர் அதை ஆன் செய்தாரா என்பதுதான் கேள்வி. பேட்ச் உச்சத்தில் இருக்கும்போது அலையஸ் எல்லாவற்றையும் டிபி2 டேட்டாபேஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தால்? பேஜிங் எவ்வளவு அவசரம் என்றாலும் அது பொதுக் குவியல்தான். நான் இன்றும் குறைந்தது மூன்று நான்கு லோக்கலாவது, வெவ்வேறு கன்ட்ரோல் யூனிட்டில் வைப்பேன். ஒன்று பழுதானால் மிச்சம் ஓடும் என்ற வசதியும் இருக்கிறது.

ஷிஃப்ட்_மூன்று — பிற்பகல் 3.30

இப்போதுதான் எழும்பினேன். டிரம் சேர், விளங்கியது, நன்றி. ஆனால் என் 71 சதவீதம்? நான்கு வாசல் இருக்கும்போது ஒன்று மட்டும் ஏன் இப்படி வீங்குகிறது?

டிரம்_காலம் — மாலை 4.10

ஒரு ஊகம் சொல்கிறேன், சரியா பாருங்கள். அந்த 71 இருப்பது 3390 மாடல் 3 அளவு வால்யூமில், மற்ற மூன்றும் மாடல் 9 அளவில்.

ஷிஃப்ட்_மூன்று — மாலை 4.22

பார்த்தேன். அப்படியேதான். எப்படி?

டிரம்_காலம் — மாலை 4.50

மந்திரம் இல்லை. 3390இல் ஒரு டிராக்கில் 12 பக்கம், ஒரு சிலிண்டரில் 15 டிராக், ஆக சிலிண்டருக்கு 180 ஸ்லாட். மாடல் 3 என்றால் 3,339 சிலிண்டர், ஆறு லட்சத்துச் சொச்சம் ஸ்லாட். மாடல் 9 அதன் மூன்று மடங்கு. 71ஐ மூன்றால் வகுத்தால் 23.7. உங்கள் 23, 24, 24 அதுதான்.

வெளியே தள்ளும் பக்கங்களை ஏஎஸ்எம் லோக்கல்களுக்கு வட்ட வரிசையில் மாறி மாறிக் கொடுக்கும். இடம் இருக்கிறதா, டிவைஸ் எவ்வளவு கெதியாகப் பதில் சொல்கிறது என்ற இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் பெரியதற்குப் பெரிய பங்கு என்று அளந்து கொடுக்காது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. சின்னவன் முதலில் நிரம்புவான்.

அதனால் என்ன என்றால், ஐஓ அங்கேதான் கெட்டுப்போகிறது. பக்கத்தை வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதும் ஒரே மாதிரி வேலை இல்லை. உள்ளே இழுக்கும்போது ஒருவர் கண் விழித்துக் காத்திருக்கிறார், பெரும்பாலும் ஒற்றைப் பக்கத்துக்காக. வெளியே தள்ளுவதற்காக யாரும் காத்திருப்பதில்லை. எஸ்ஆர்எம், அதாவது சிஸ்டம் ரிசோர்ஸ் மேனேஜர், காலி ஃபிரேம்களின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், கீழ்மட்டத்தைத் தொட்டதும் நெடுநேரம் தொடப்படாத பக்கங்களைத் திருடச் சொல்லும். அப்படித் திருடியவற்றை ஏஎஸ்எம் ஒரு கட்டாகக் கட்டி, அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் ஒரே சேனல் புரோகிராமில் எழுதப் பார்க்கும். ஒரு வாசல்தான் என்றாலும் ஒரு தடவையில் முப்பது பக்கம் போனால் நல்லதுதானே?

அதற்கு அடுத்தடுத்துக் காலி ஸ்லாட் கிடைக்க வேண்டும். லோக்கல் டேட்டா செட்டை 30 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதே என்ற பழைய விதி அதிலிருந்துதான் வந்தது. 71இல் காலி இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஒரு கட்டு பல துண்டாகும், அந்த வால்யூம் மெதுவாகும்.

அப்புறம் ஒன்று. உங்களுக்கு வந்த சிவப்பு உங்கள் மானிட்டர் தயாரித்தது, சிஸ்டம் கத்தவில்லை. சிஸ்டத்தின் சொந்த எச்சரிக்கை மொத்த லோக்கல் ஸ்லாட்டையும் சேர்த்துப் பார்த்து 70 சதவீதத்தில் வரும். அப்போது புதிய லோகோன், ஸ்டார்ட் எல்லாவற்றையும் மறுக்கத் தொடங்கும். 85இல் வருவது இன்னும் கடுமையானது. நீங்கள் மொத்தத்தில் 30ஐக்கூடத் தொடவில்லை. பயப்பட வேண்டாம், ஆனால் சின்னவனை மாற்றுங்கள்.

பொரளை_பென்குவின் — மாலை 5.15

இரண்டு டாஸ்க் ஒரே பக்கத்தில் ஃபால்ட் ஆனால் இரண்டு தடவை படிக்குமா? லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டே ஃபால்ட் ஆனால்? லினக்ஸில் இந்த இடத்தில்தான் மண்டை காயும்.

அசெம்ப்ளர்_அக்கா — மாலை 6.05

இதற்கு நான் வருகிறேன், பல வருடம் இதில்தான் சோறு.

ஒரே பக்கத்துக்கு ஒரே ஐஓ. இரண்டாவதாக வந்தவரை, ஏற்கெனவே ஓடும் கோரிக்கையோடு ஆர்எஸ்எம் சேர்த்துவிடும். பக்கம் வந்ததும் இருவரும் எழும்புவார்கள்.

லாக் கதை சுவையானது. எம்விஎஸ்ஸில் (இசட் ஓஎஸ்ஸின் முன்னோடி) இரண்டு ஜாதி லாக் உண்டு. ஸ்பின் லாக் பிடித்தவர் இன்டரப்ட்டை மூடிக்கொண்டு ஓடுவார், மற்ற சிபியூ அதற்காகச் சுற்றிக்கொண்டே நிற்கும். அப்படிப்பட்டவர் பேஜ் ஃபால்ட் ஆனால் கதை முடிந்தது. டிஸ்க் வரும்வரை மற்ற சிபியூக்கள் சுற்றிக்கொண்டிருக்க முடியாதல்லவா? ஆகவே சிஸ்டம் அதைத் தீர்த்துவைக்கவே முயலாது, 0சி4 அபெண்ட் (புரோகிராமை முறித்து நிறுத்துவது), ரீசன் கோட் 11. அப்படிப்பட்ட புரோகிராம் தொடும் பக்கங்கள் எல்லாம் முன்கூட்டியே ஃபிக்ஸ் (மெமரியை விட்டு வெளியே தள்ள முடியாதபடி) ஆகியிருக்க வேண்டும். பேஜிங்கை நடத்தும் புரோகிராமும் அதன் முக்கியக் கட்டுப்பாட்டுப் பிளாக்குகளும் ஃபிக்ஸான மெமரியில் இருப்பது இதனால்தான். பக்கத்தை எடுத்து வருபவரே பக்கத்துக்காகக் காத்திருந்தால் யார் எடுத்து வருவது?

இரண்டாவது ஜாதி சஸ்பெண்ட் லாக். ஒவ்வொரு அட்ரஸ் ஸ்பேஸுக்கும் உள்ள லோக்கல் லாக் இந்த வகை. இதைப் பிடித்துக்கொண்டு ஃபால்ட் ஆகலாம், தூங்கலாம். ஆனால் லாக்கை விடாமலே தூங்குவார். அதே அட்ரஸ் ஸ்பேஸில் லோக்கல் லாக் தேவைப்படும் எல்லோரும் பின்னால் வரிசை. டிரம் ஐயா சொன்ன "மற்ற டாஸ்க்குகள் ஓடலாம்" என்பது இங்கே மெதுவாகப் பொய்யாகிவிடும். நூற்றுக்கணக்கான டாஸ்க் உள்ள பெரிய டேட்டாபேஸ் அட்ரஸ் ஸ்பேஸில், ஒரு டாஸ்க் இப்படித் தூங்கினால் ஒரு ஃபால்ட் அம்பது பேரின் காத்திருப்பாகத் தெரியும். பேஜ் ஃபால்ட் வீதத்தை மட்டும் பார்த்துவிட்டு "செக்கனுக்குப் பத்துத்தானே" என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்பேன்: அந்தப் பத்துப் பேர் கையில் என்ன வைத்திருந்தார்கள்?

ஐஓ பஃபரும் (படித்த டேட்டா வந்து சேரும் மெமரி இடம்) இதே மாதிரி. சேனலுக்குப் பேஜ் ஃபால்ட் தெரியாது. ஆகவே சாதாரண புரோகிராம் ஒரு ஃபைல் படித்தாலும் ஓஎஸ் அதன் சேனல் புரோகிராமை ரியல் முகவரிக்கு மாற்றி, பஃபர் பக்கங்களைப் படித்து முடியும்வரை ஃபிக்ஸ் செய்து வைக்கும். பேட்ச் ஜாப்புக்குத் தாராளமாகப் பஃபர் கொடுப்பவர்கள் கவனிக்க. ஐஓ ஓடும் நேரத்தில் அந்த ஃபிரேம்களை யாரும் திருட முடியாது.

பொரளை_பென்குவின் — மாலை 6.30

அக்கா, அருமை. இசட் விஎம்மில் (ஒரே மெயின்ஃபிரேமில் பல ஓஎஸ்களை ஓடவிடும் மென்பொருள்) லினக்ஸ் கெஸ்ட் ஓடும்போது என்ன? கெஸ்ட்டின் கண்ணில் பக்கம் மெமரியில் இருக்கிறது, ஆனால் விஎம் அதை வெளியே தள்ளிவிட்டது. அப்போது முழு லினக்ஸும் நின்றுவிடுமே?

அசெம்ப்ளர்_அக்கா — இரவு 7.10

சும்மா விட்டால் நிற்கும். ஒரு வர்ச்சுவல் சிபியூ உள்ள கெஸ்ட் என்றால் உள்ளே இருக்கும் நூறு புரோசஸும் ஒரு பக்கத்துக்காகச் சேர்ந்து நிற்கும். உள்ளே இருப்பவருக்குத் தாம் நின்றதே தெரியாது.

இதற்கு 1970களிலேயே விஎம் 370உம் அதன் கெஸ்ட்டாக ஓடிய விஎஸ்1 ஓஎஸ்ஸும் ஒரு உடன்பாடு செய்துகொண்டன. விஎம் ஒரு போலிப் பேஜ் ஃபால்ட்டைக் கெஸ்ட்டுக்குக் கொடுக்கும்: "இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, நீ அதற்குள் வேறு வேலை பார்". வந்ததும் இன்னொரு தகவல். உங்கள் லினக்ஸிலும் அதே ஏற்பாடு இருக்கிறது. கெர்னலின் எஸ்390 (மெயின்ஃபிரேம்) பகுதியில் பிஃபால்ட் என்று தேடிப் பாருங்கள். டயக்னோஸ் 258 என்ற விஎம் அழைப்பு மூலம் "எனக்கும் சொல்லு" என்று பதிவு செய்துகொள்ளும். பிறகு எக்ஸ்டர்னல் இன்டரப்ட் வந்ததும் அந்த ஒரு புரோசஸை மட்டும் தூங்கவைக்கும்.

விஎம்மிலும் பேஜிங் வால்யூம் எண்ணிக்கைதான் வெகுகாலம் கூட்டு வேகம். பேஜிங்குக்கு ஹைப்பர்பிஏவி 2016இல் வந்த 6.4 பதிப்போடு சேர்ந்தது.

ஸ்டோரேஜ்_சாமி — இரவு 7.45

ஃபிளாஷ் எக்ஸ்பிரஸ் (பேஜிங்குக்கும் உதவும் ஃபிளாஷ் கார்டு) வந்த பிறகு இந்த டிஸ்க் கதையே தேவையா? 2012இல் இசட்இசி12ஓடு வந்ததல்லவா. ஜோடி கார்டில் 1.4 டெராபைட். பிறகு 2017இல் இசட்14இல் அதையும் தூக்கிவிட்டு வர்ச்சுவல் ஃபிளாஷ் மெமரி என்று மெமரியிலேயே ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். அங்கே யூசிபியே கிடையாது.

டிரம்_காலம் — இரவு 8.20

ஓம், அது நல்ல ஏற்பாடு. அங்கே டிவைஸுக்கு ஒரு வாசல் என்ற கதை இல்லை, தனி வகை சப்சேனல்கள் வழியாகப் பல கோரிக்கை ஒன்றாக ஓடும். ஒரு மெகாபைட் பெரிய பக்கத்தையும் துண்டாக்காமல் தள்ளலாம். ஆனாலும் பிஎல்பிஏவுக்கு (எல்லா அட்ரஸ் ஸ்பேஸும் பகிரும் புரோகிராம் பகுதி) டிஸ்க்கில் டேட்டா செட் வைத்தே ஆக வேண்டும். தவிர இது காசு கட்டி வாங்கும் சாமான். ஷிஃப்ட் தம்பியின் வாடிக்கையாளர் இன்னும் மாடல் 3 வால்யூம் வைத்திருக்கிறார் என்றால் எதற்குக் காசு கட்டியிருப்பார் என்று நீங்களே ஊகியுங்கள்.

பம்பலப்பிட்டி_நானா — இரவு 8.33

ஒரு கேள்வி. இன்றைக்கு மெமரி டெராபைட் கணக்கில். பேஜிங் நடக்கவே கூடாது என்றுதான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். தம்பியின் மெஷினில் பேட்ச் நேரத்தில் இவ்வளவு ஸ்லாட் எப்படி நிரம்பியது?

அசெம்ப்ளர்_அக்கா — இரவு 9.02

நல்ல கேள்வி, இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். தம்பி, அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எஸ்விசி டம்ப் (பழுதை ஆராய எடுக்கும் மெமரிக் கொப்பி) ஏதாவது வந்ததா? சிஸ்டம் பதிவேட்டைப் பாருங்கள்.

ஷிஃப்ட்_மூன்று — இரவு 10.20

ஷிஃப்ட்டுக்கு வந்ததும் பார்த்தேன். வந்திருக்கிறது. 1.20 அளவில் டேட்டாபேஸ் அட்ரஸ் ஸ்பேஸ் ஒன்றுக்கு டம்ப். டேட்டாபேஸ் தானே மீண்டுவிட்டதால் யாரும் டிக்கெட் போடவில்லை.

அசெம்ப்ளர்_அக்கா — இரவு 10.41

அதுதான். டம்ப் எடுக்கும்போது அந்த அட்ரஸ் ஸ்பேஸை நெடுநேரம் நிறுத்திவைக்க முடியாது. ஆகவே முதலில் எல்லாப் பக்கத்தையும் வேகமாக டேட்டா ஸ்பேஸுக்கு (தனி மெமரிப் பகுதி) கொப்பி செய்துகொண்டு அதை ஓடவிடும், டிஸ்க்குக்கு எழுதுவது பிறகு. பல கிகாபைட் கொப்பி ஒரே மூச்சில் மெமரிக்கு வந்தால் காலி ஃபிரேம் தீரும், திருட்டுத் தொடங்கும், நெடுநேரம் தொடாத பக்கங்கள் எல்லாம் லோக்கலுக்குப் போகும். டம்ப் முடிந்த பிறகும் அவை அங்கேயே கிடக்கும், யாராவது தொட்டால்தான் திரும்பி வரும். உங்கள் 71 ஏறுவது நின்று, இறங்காமல் இருப்பது அதனால்தான்.

சாதாரண நாளில் பேஜிங் பூச்சியமாக இருக்கும் மெஷினில் இந்தக் கூட்டு ஐஓ எல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். வருடத்தில் சில நிமிடம்தான் தேவை. அந்தச் சில நிமிடத்தில் டேட்டாபேஸின் பக்கங்கள் ஒரு வாசலில் வரிசை நின்றால் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் ஏடிஎம்மில் நிற்பார். டம்ப்புக்கான மேக்ஸ்பேஸ் (அந்தக் கொப்பிக்கு உச்ச அளவு) எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதையும் லோக்கல் மொத்த அளவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பொரளை_பென்குவின் — இரவு 10.55

இதையெல்லாம் வீட்டில் கையால் தொட்டுப் பார்க்க வழி உண்டா?

டிரம்_காலம் — இரவு 11.10

ஹெர்குலிஸ் எமுலேட்டர், அதன் மேல் எம்விஎஸ் 3.8ஜே. இலவசம், பழைய லேப்டொப்பே போதும். கொன்ஃபிகில் மெமரியை 16 மெகாபைட்டில் இருந்து குறைத்துவிட்டுச் சில ஜாப்பைச் சேர்த்து ஓடவிடுங்கள், பேஜிங் வால்யூம் துடிப்பது தெரியும். 2305ஐயும் எமுலேட் செய்யும். சுற்றும் நேரம் மட்டும் உண்மையாக இராது. 2022 மின்வெட்டுக் காலத்தில் என் பொழுதுபோக்கே இது, பேட்டரி இருக்கும்வரை.

ஷிஃப்ட்_மூன்று — அதிகாலை 4.15

பேட்ச் முடிந்தது. சீனியரிடம் கதைத்தேன், சம்மதித்தார். மாடல் 9 அளவில் புதிய பேஜ் ஸ்பேஸ் ஒன்று ஏற்கெனவே டிஃபைன் செய்து ஃபார்மட் ஆகிக் கிடந்தது. அதை பேஜ்ஆட் கமாண்ட் கொடுத்துச் சேர்த்தோம். பிறகு சின்னவனை நீக்க பேஜ்டெல் கமாண்ட். 71 இப்போது 58, மெதுவாக இறங்குகிறது. இவ்வளவு மெதுவாகத்தான் போகுமா?

டிரம்_காலம் — அதிகாலை 4.31

போகும். பேஜ்டெல் ஒவ்வொரு ஸ்லாட்டையும் மற்ற லோக்கலுக்கு நகர்த்த வேண்டும், துண்டு துண்டாகக் கிடப்பதை வேறு பொறுக்க வேண்டும். பேட்ச் ஓடும்போது செய்யாமல் விட்டது நல்லது. மற்றவற்றின் சதவீதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், 30க்குள் நிற்கும்.

ஐஇஏசிஸ் மெம்பரில் (சிஸ்டம் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு ஃபைல்) பேஜ் வரிசையை மாற்றினீர்களா? இல்லாவிட்டால் அடுத்த ஐபிஎல்லில் (சிஸ்டத்தை மறுபடி தொடங்கும்போது) சின்னவன் திரும்பி வந்து நிற்பான். பேஜ்டோட்டல் எண்ணையும் (எத்தனை பேஜ் டேட்டா செட் வரை சேர்க்கலாம் என்ற எல்லை) ஒரு தடவை வடிவாகப் பாருங்கள், அதில் இடம் இல்லாவிட்டால் அவசரத்தில் பேஜ்ஆட் கொடுக்க முடியாது.

ஷிஃப்ட்_மூன்று — அதிகாலை 4.40

மாற்றக் கோரிக்கை போட்டிருக்கிறேன் சேர். வாடிக்கையாளர் பக்கத்து ஒப்புதல் இன்னும் வரவில்லை. ஐபிஎல் ஞாயிறு.

டிரம்_காலம் — அதிகாலை 4.42

அப்படியென்றால் சனிக்கிழமை ஃபோன் போட்டுக் கேளுங்கள். மெயிலை நம்பாதீர்கள்.